வீடு, மருந்து, நீர்: தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளுக்குப் பின்

தென்னாப்பிரிக்காவின் புதிய அரசமைப்புச் சட்டத்தில் நெல்சன் மண்டேலா 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் கையெழுத்திட்டார். 1960 மார்ச் 21 அன்று, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்களை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் திரண்ட கறுப்பின மக்கள்மீது போலீசார் சுட்டு, அதிகாரபூர்வக் கணக்குப்படியே 69 பேரைக் கொன்ற ஊர் அது. அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்குரிமை, பேச்சுரிமை, சித்திரவதையிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். உலகெங்கும் சட்டம் படித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தவை 26, 27 என்ற இரண்டு பிரிவுகள். முதலாவது, போதிய வீட்டுவசதி பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்தது. இரண்டாவது, மருத்துவம், உணவு, குடிநீர், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை உரிமையாக்கியது. தன்னிடம் இருக்கும் வளங்களுக்கு உட்பட்டு, நியாயமான நடவடிக்கைகள் எடுத்து, இவற்றை அரசு படிப்படியாக நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் குடிமக்கள் வழக்குப் போடலாம்.

இதை இப்படி எழுதலாமா என்ற வாதம் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற வழக்கறிஞர்களுக்குள்ளேயே நடந்தது. வீடும் மருத்துவமும் வழிகாட்டு நெறிகளாக இருந்தால் போதும், அவற்றை நீதிபதிகளின் கையில் கொடுக்கக் கூடாது என்று 1992இல் டென்னிஸ் டேவிஸ் எழுதினார். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு செலவழிக்க வேண்டிய பணத்தை, மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் பங்கிடக் கூடாது என்பது அவருடைய கவலை. எட்டியென் முரைனிக் அதே ஆண்டில் மறுத்து எழுதினார். பெரும்பான்மையினர் தகரக் குடிசையில் வாழும் நாட்டில், ஏற்கெனவே வசதியோடு இருப்பவர்களின் உரிமைகளை மட்டும் காக்கும் சாசனத்தை மக்கள் எதற்காக மதிக்க வேண்டும் என்று கேட்டார். அரசு தன் முடிவுகளுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணம் நிற்குமா என்று சோதிப்பது நீதிபதிகளால் ஆகிற காரியம்தான் என்றார்.

இந்திய வாசகர்களுக்கு வழிகாட்டு நெறி என்பது பழகிய ஏற்பாடு. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசமைப்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டோம்; அந்த நெறிகளை நீதிமன்றம் வழியாக அமல்படுத்தக் கேட்க முடியாது என்று 37ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்து 1990இல் விடுதலை பெற்ற நமீபியாவும் இதே வழியில்தான் போனது. அந்த வழியைத் தென்னாப்பிரிக்கா தெரிந்தே விட்டு விலகியது.

எதிர்த்தவர்களிடம் ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருந்தது. கம்யூனிச ஆட்சிகள் சரிந்த கிழக்கு ஐரோப்பாவில் பல நாடுகள் புதிய அரசமைப்புகளில் சமூக உரிமைகளைத் தாராளமாக எழுதிக்கொண்டிருந்தன. சந்தைப் பொருளாதாரத்தை இனிமேல்தான் கட்ட வேண்டிய நாடுகளுக்கு இது ஆகாது என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கேஸ் சன்ஸ்டீன் 1993இல் வாதிட்டார். 1995இல் ஹங்கேரியின் நிதியமைச்சர் லாயோஷ் போக்ரோஷ் செலவுக் குறைப்புத் திட்டம் கொண்டுவந்தபோது, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான உதவித்தொகையை ஒரே நாளில் வெட்டுவது செல்லாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தடுத்தது. உதவித்தொகையை நம்பிக் குடும்பத்தைத் திட்டமிட்ட பெண்ணுக்கு அரசு அவகாசமாவது தர வேண்டும் என்றது. அந்த நாட்டு அறிஞர் ஆந்திராஷ் ஷாயோ இதைக் கடுமையாகச் சாடினார். சீர்திருத்தத்தை நீதிமன்றம் கெடுத்துவிட்டது என்றார். எனக்கு அந்தத் தீர்ப்பில் தவறு தெரியவில்லை. ஆட்சி மாறும் காலத்தில் முதலில் இடறி விழுபவர்கள் யாரென்று அது பார்த்தது. அதே சன்ஸ்டீன் 2001இல், தென்னாப்பிரிக்காவின் ஒரு வீட்டுவசதித் தீர்ப்பைப் படித்துவிட்டு, நீதிமன்றங்களால் இது முடியும் என்று பாராட்டி எழுதினார். அந்தத் தீர்ப்புக்குப் போகும் முன் டர்பன் நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அதன்பின் கரும்புத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சமூகத்தில் இன்றும் வழங்கும் ஒரு பெயரில்தான் புதிய அரசமைப்பின் முதல் சமூக உரிமை வழக்கு அறியப்படுகிறது. தியாகராஜ் சுப்ரமணிக்கு 41 வயது. வேலையில்லை. நீரிழிவு, இதய நோய், அத்தோடு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலை. தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவருக்குக் கையிருப்பு தீர்ந்தது. அடிங்டன் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள். அவற்றிலும் சில பழுதானவை. ஒருவருக்கு டயாலிசிஸ் முடிய நான்கு மணி நேரம், இயந்திரத்தைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். 60 பேரைக் கவனிக்க வேண்டிய பிரிவு 85 பேரைக் கவனித்துக்கொண்டிருந்தது. சிறுநீரக மாற்று அறுவைக்குத் தகுதியானவர்களுக்கே முதலிடம் என்று மருத்துவர்கள் விதி வகுத்திருந்தார்கள்; இதய நோயால் அவர் அந்த வரிசைக்குள் வரவில்லை.

1997 நவம்பர் 27 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. தலைமை தாங்கிய ஆர்தர் சாஸ்கல்சன் மண்டேலாவுக்காக ரிவோனியா வழக்கில் வாதாடிய குழுவில் இருந்தவர். கல் மனம் படைத்தவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியது தவறு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பையும் அவர் எடுத்துப் பார்த்தார். அது திடீர் விபத்து, இது தொடர்ந்து நீடிக்கும் நோய் என்று பிரித்தார். குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் சுகாதாரத் துறை ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவழித்து நின்றது. இருக்கும் இயந்திரங்களை யாருக்குத் தருவது என்று மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவில் நீதிமன்றம் குறுக்கிடாது என்றார். தீர்ப்பு வந்து சிறிது காலத்திலேயே சுப்ரமணி இறந்துபோனார். வெறும் 20 இயந்திரங்கள்தானா என்ற கேள்வியை நீதிமன்றம் மாகாண அரசைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். இருப்பதைப் பங்கிட்ட விதத்தைச் சோதித்ததே தவிர, ஏன் அவ்வளவே இருக்கிறது என்று அது கேட்கவில்லை. இந்த வழக்கை இன்று படிக்கும்போது என்னை உறுத்துவது அதுதான்.

கேப் டவுனின் கிழக்கு ஓரத்தில் வாலஸ்டீன் என்ற குடிசைப் பகுதி. குடிநீர்க் குழாய் இல்லை, கழிவுநீர்க் கால்வாய் இல்லை, குப்பை அள்ள யாரும் வருவதில்லை. நூற்றுக்கு ஐந்து குடிசைகளில்தான் மின்சாரம் இருந்தது. குடும்பங்களில் கால்வாசிக்கு எந்த வருமானமும் கிடையாது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை மாதம் 500 ராண்டுக்கும் குறைவாகச் சம்பாதித்தவை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். அரசு வீட்டுக்கு மனுப்போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், 1998 செப்டம்பர் இறுதியில், பக்கத்தில் காலியாகக் கிடந்த தனியார் நிலத்தில் குடிசை போட்டார்கள். அந்த நிலமும் குறைந்த விலை வீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலம்தான். 1999 மே மாதம், தென்கோளத்தின் குளிர்காலத் தொடக்கத்தில், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே புல்டோசர் வந்தது. குடிசைகளைச் சாய்த்தார்கள், தீ வைத்தார்கள். உள்ளே இருந்த சாமான்களை எடுத்துக்கொள்ளக்கூட முடியாமல் போனவர்கள் பலர். அதற்கான செலவை ஏற்றது நகராட்சி. விட்டுவந்த பழைய இடத்தில் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள். 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் வாலஸ்டீன் விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி அதன் கீழ் ஒதுங்கினார்கள்.

ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்ணின் பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸாக் யாக்கூப். டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு மாதக் குழந்தையாக இருந்தபோதே மூளைக்காய்ச்சலில் பார்வையிழந்தவர். 2000 அக்டோபர் 4 அன்று வந்த அந்தத் தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. இன்ன அளவு உறைவிடம் ஒவ்வொருவருக்கும் உடனே தரப்பட வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவுகோலை வகுக்க மறுத்தது. அதை வகுக்கத் தேவையான தகவல் தன்னிடம் இல்லை என்றது. மறுபுறம், அரசின் வீட்டுவசதித் திட்டத்தை எடுத்துவைத்து, இது நியாயமான திட்டமா என்று கேட்டது. நீண்டகாலத்தில் லட்சக்கணக்கில் வீடுகட்டும் திட்டம் இருக்கிறது, சரி. இன்றிரவு தலைக்கு மேல் கூரை இல்லாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆகவே அது அரசமைப்புக்கு முரணானது.

பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மிக மோசமான நிலையில் இருப்பவர்களைக் கணக்கிலேயே சேர்க்காத திட்டம் செல்லாது என்று மட்டும் சொன்னது. டேவிஸின் பயத்துக்கும் முரைனிக்கின் நம்பிக்கைக்கும் இடையில் நீதிமன்றம் கண்ட வழி இது. சன்ஸ்டீனை மனம் மாறச் செய்ததும் இதுவே.

ஆனால் தீர்ப்போடு நீதிமன்றம் எழுந்து போய்விட்டது. இத்தனை மாதத்துக்குள் திட்டத்தைத் திருத்தி எங்களிடம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கண்காணிக்கும் வேலையை மனித உரிமை ஆணையத்திடம் விட்டது. அவசர உறைவிடத்துக்கான தேசியத் திட்டம் வர 2004 ஆயிற்று. வாலஸ்டீன் மக்களுக்குச் சில கழிப்பறைகளும் குழாய்களும் வந்தன. உலகின் சட்டக் கல்லூரிகளில் தன் பெயர் பாடமாகிவிட்ட ஐரீன் க்ரூட்பூம் 2008இல், சொந்த வீட்டுக்குக் காத்திருந்தபடியே, குடிசையில் இறந்தார். அவருடைய மரணத்தைக் காட்டி அந்தத் தீர்ப்பு வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றத்தை எதிர்த்து நிற்கப் பிடித்துக்கொண்ட கொம்பு அந்தத் தீர்ப்பு. அதை வென்று தந்தவருக்கு மட்டும் அது கைகொடுக்கவில்லை. ஏன் என்பதற்கு விடை, இரண்டு ஆண்டு கழித்து வந்த இன்னொரு வழக்கில் இருக்கிறது.

1990களின் முடிவில் தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70,000 குழந்தைகள் தாயிடமிருந்து எச்ஐவி தொற்றிப் பிறந்துகொண்டிருந்தார்கள். அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளில் நான்கில் ஒருவருக்கு அந்தத் தொற்று. நெவிரபின் என்ற மருந்தைப் பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சில துளிகள் கொடுத்தால் தொற்று வெகுவாகக் குறையும். தயாரித்த நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகவே தர முன்வந்தது. அதிபர் தாபோ உம்பெக்கியின் அரசு, மாகாணத்துக்கு இரண்டு சோதனை மையங்களில் மட்டும் கொடுக்கலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே அதிபர் சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம். மருந்து கையிருப்பில் இருந்தும், கொடுக்க மருத்துவர் தயாராக இருந்தும், அந்த மையங்களுக்கு வெளியே பிரசவித்த தாய்க்குக் கிடைக்கவில்லை.

வழக்குப் போட்டது டிரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன். 1998 டிசம்பர் 10இல் ஸாக்கி அக்மத்தும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம். எச்ஐவியோடு வாழ்ந்த அக்மத், அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் சாப்பிடுவதில்லை என்று ஆண்டுக்கணக்கில் மறுத்தார். இந்த இயக்கத்தின் பலம் வழக்கறிஞர்களிடம் மட்டும் இருக்கவில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். வைரஸ் உடலில் எப்படிப் பெருகுகிறது, மாத்திரை அதை எங்கே மறிக்கிறது என்று அவர்களுக்கே வகுப்பெடுத்தார்கள். மருத்துவமனையில் செவிலியரிடம் கேள்வி கேட்கத் தெரிந்த பெண்கள் ஊர்தோறும் உருவானார்கள். ஊர்வலம், தேவாலயம், தொழிற்சங்கம், பத்திரிகை எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். 2002 ஜூலை 5 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு நியாயமற்றது, தடையை உடனே நீக்குங்கள் என்றது.

இங்கேயும் நீதிமன்றம் கண்காணிப்பை ஏற்கவில்லை. அரசு தீர்ப்புகளை மதித்து நடக்கும் என்று நம்பிக்கை தெரிவித்தது. கண்காணித்தது இயக்கம். எந்த மருத்துவமனையில் மருந்து வந்தது, எங்கே வரவில்லை என்று உறுப்பினர்கள் கணக்கெடுத்தார்கள். இழுத்தடித்த ம்புமலங்கா மாகாணத்தின்மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2003இல் சட்ட மறுப்பில் இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில், நோயுற்ற எல்லோருக்கும் கூட்டுமருந்து தரும் திட்டத்தை அமைச்சரவை ஏற்றது. அது வழக்கில் கேட்டதைவிட மிகப் பெரியது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மருந்தால் வாழ்கிறார்கள். தாமதத்தின் விலையும் பதிவாகியிருக்கிறது: 2000 முதல் 2005 வரையிலான கொள்கையால் 3,30,000 உயிர்களுக்கு மேல் இழக்கப்பட்டன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

வாலஸ்டீன் திடலில் இருந்த 900 பேருக்குத் தீர்ப்புக்கு மறுநாள் யாரை, எங்கே போய்க் கேட்பது என்று சொல்ல அமைப்பு இல்லை. மருந்து கேட்டவர்களுக்கு இருந்தது. இரண்டு தீர்ப்புகளின் சட்ட அடிப்படை ஒன்றேதான். விளைவு வேறாகியதற்குக் காரணம் இது என்று நினைக்கிறேன். இந்தியாவில் 2001இல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாக நடந்துகொண்டது. பள்ளிகளில் சமைத்த மதிய உணவு போட உத்தரவிட்டதோடு, அது நடக்கிறதா என்று பார்க்கத் தனியே ஆணையர்களை நியமித்து, பல ஆண்டுகள் இடைக்கால உத்தரவுகளாகப் போட்டுக்கொண்டிருந்தது. உரிமையென்று எழுதப்படாத ஒன்றை இந்தியா அதன்மூலம் ஓரளவு வாங்கியது. உரிமையென்றே எழுதி வைத்திருந்த நாட்டின் நீதிமன்றம் இந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

அமைப்பாகத் திரண்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஃபிரி என்ற குடியிருப்பு. நிறவெறிக் காலத்தில் போட்ட குழாய்கள் ஒழுகின, நீருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம், பலர் கட்டுவதில்லை. இழப்பை நிறுத்த நகராட்சியின் தண்ணீர் நிறுவனம் 2004இல் முன்பணம் கட்டும் மீட்டர்களைப் பொருத்தியது. மாதம் 6,000 லிட்டர் இலவசம்; அது தீர்ந்தால் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் குழாய் தானாக நின்றுவிடும். எட்டுப் பேர் உள்ள வீட்டுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஃபிரியில் ஒரு மனையில் ஒரு குடும்பம் மட்டும் இருப்பதில்லை. பின்புறத்தில் தகரக் குடிசை போட்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கும். பதினாறு பேர் இருந்தால் தலைக்குப் பன்னிரண்டரை லிட்டர். கழிப்பறைக்குத் தண்ணீர் விடுவதும் இதற்குள்தான். எய்ட்ஸ் நோயாளி படுத்திருக்கும் வீட்டில் துணி துவைப்பதும் இதற்குள்தான். அதே நகரின் வெள்ளையர் வாழ்ந்த பகுதிகளில் தண்ணீரைப் பயன்படுத்திவிட்டு மாதக் கடைசியில் பணம் கட்டினார்கள். கட்டத் தவறினாலும் நோட்டீஸ் வந்து, அவகாசம் தந்த பிறகே குழாய் அடைபடும்.

2008இல் உயர் நீதிமன்ற நீதிபதி மொரோவா த்சோகா இந்த வேறுபாட்டைப் பாகுபாடு என்றே சொல்லி, தலைக்கு 50 லிட்டர் தர உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 ஆக்கியது. 2009 அக்டோபர் 8 அன்று அரசமைப்பு நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. எத்தனை லிட்டர் என்று எண் சொல்வது நீதிமன்றத்தின் வேலையல்ல, நகராட்சியின் கொள்கை நியாயமானதே, மீட்டரும் சட்டப்படி சரியே என்று நீதிபதி கேட் ஓ'ரீகன் எழுதினார். வழக்கு நடந்த ஆண்டுகளில் நகராட்சி ஏழைகளுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டியதை அவர் பாராட்டினார். வழக்குப் போட்டதே கொள்கையைத் திருந்தச் செய்தது, ஜனநாயகத்தில் உரிமை வேலை செய்யும் விதம் அதுதான் என்றார்.

தவறான தீர்ப்பு என்றே இதை நான் எண்ணுகிறேன். ஃபிரி மக்களுக்கு இயக்கம் இருந்தது, திறமையான வழக்கறிஞர்கள் இருந்தார்கள், கீழ் நீதிமன்றங்களில் வெற்றியும் இருந்தது. கொள்கை நியாயமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போகும் அணுகுமுறை, கொள்கையைத் தாக்கல் செய்யத் தெரிந்த அரசுக்குச் சாதகமாகவே முடியும். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது மருத்துவர்களும் பொறியாளர்களும் கணக்கிட்டுச் சொல்லக்கூடியது. டேவிட் பில்சிட்ஸ் போன்ற சட்ட அறிஞர்கள் க்ரூட்பூம் தீர்ப்பிலிருந்தே இதை எச்சரித்துவந்தார்கள்: ஒரு தரைமட்டத்தைக் கட்டாதவரை, ஏழை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசமைப்பு அவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது 1996 மே 8 அன்று. அடுத்த மாதமே, நிதியமைச்சர் ட்ரெவர் மானுவல் காலத்தில், வளர்ச்சி வேலைவாய்ப்பு மறுபங்கீடு என்ற பெயரில் பேரியல் பொருளாதாரத் திட்டம் வெளியானது. பட்ஜெட் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதமாகக் குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. 26ஆம் பிரிவின் வளங்களுக்கு உட்பட்டு என்ற நிபந்தனை, அது அச்சேறுவதற்கு முன்பே இவ்வாறு இறுகிவிட்டது. அதே அரசமைப்பின் 25ஆம் பிரிவு சொத்துரிமையையும் காத்தது; நிலச் சீர்திருத்தம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1994க்குப் பின் அரசு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தந்தது உண்மை; பெரிய சாதனைதான். நிலம் மலிவான இடத்தில் கட்டியதால் அவற்றில் பெரும்பகுதி நகரத்தின் ஓரத்தில், பழைய நிறவெறி வரைபடத்தின் கோடுகளுக்கு அப்பாலேயே அமைந்தது. வேலைக்குப் போகும் பஸ் கட்டணம் கூலியைத் தின்றது.

ஏழைகளின் கைக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்தது உதவித்தொகை. 1998இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று தொடங்கியது. வயது வரம்பு சிறிது சிறிதாகப் பதினெட்டு வரை உயர்ந்தது. இன்று ஒரு கோடியே முப்பது லட்சம் குழந்தைகளுக்குப் போகிறது. இதைக் கொண்டுவந்தது நாடாளுமன்றமும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் பிளாக் சாஷ் போன்ற அமைப்புகளும். நீதிமன்றத்தின் பங்கு ஓரங்களைக் காத்தது. மொசாம்பிக்கிலிருந்து வந்து நிரந்தரமாக வாழ்பவர்களையும் ஒதுக்கக் கூடாது என்று 2004இல் சொன்னது. 2017இல் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. உதவித்தொகையைப் பட்டுவாடா செய்த தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தம் செல்லாதென்று முன்பே தீர்ப்பாகியிருந்தும், சமூக நலத் துறை மாற்று ஏற்பாடு எதையும் செய்யவில்லை; ஏப்ரல் முதல் தேதி ஒரு கோடியே எழுபது லட்சம் உதவித்தொகைகள் நின்றுபோகும் நிலை. பிளாக் சாஷ் வழக்குப் போட்டது. பட்டுவாடா தொடர வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிமன்றம் இம்முறை எழுந்து போகவில்லை. வல்லுநர் குழுவையும் தலைமைத் தணிக்கையாளரையும் நியமித்து, குறித்த இடைவெளிகளில் தனக்கே அறிக்கை தரச் செய்தது. பொறுப்பான அமைச்சர் வழக்குச் செலவில் ஒரு பங்கைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. க்ரூட்பூம் வழக்கில் இப்படிச் செய்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

ஜோகன்னஸ்பர்க் நகரின் மையத்திலும் நீதிமன்றம் புதிதாக ஒன்றை முயன்றது. வெள்ளையர் கைவிட்டுப் போன பழைய அடுக்குமாடிகளில் ஏழைகள் குடியிருந்தார்கள். ஒலிவியா சாலைக் கட்டடத்தைப் பாதுகாப்பற்றது என்று சொல்லி நகராட்சி காலி செய்யப் பார்த்தபோது, தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, 2007 ஆகஸ்டில், இரு தரப்பும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசி வாருங்கள் என்று நீதிமன்றம் அனுப்பியது. பேசினார்கள். தண்ணீரும் தீயணைப்பு வசதியும் செய்துதரவும், பக்கத்திலேயே மாற்று இடம் தரவும் நகராட்சி ஒப்புக்கொண்டது. 2011இல் இன்னொரு வழக்கில், தனியார் உரிமையாளர் வெளியேற்றினாலும் தங்க இடமில்லாதவர்களுக்குத் தற்காலிக உறைவிடம் தரும் கடமை நகராட்சிக்கு உண்டு என்று தீர்ப்பாயிற்று. எழுத்தளவில் ஏழைக்கு இதைவிடச் சாதகமான வீட்டுவசதிச் சட்டம் உலகில் அரிது.

அந்த நகராட்சிக்குச் சொந்தமான கட்டடம் ஒன்று 2023 ஆகஸ்ட் 31 அதிகாலையில் தீப்பிடித்தது. ஆல்பர்ட் தெருவில் உள்ள உசிண்டிசோ கட்டடம். நிறவெறிக் காலத்தில் கறுப்பர்கள் நகரத்துக்குள் வேலை தேட பாஸ் வாங்க வரிசையில் நின்ற அலுவலகம். பிறகு பெண்கள் காப்பகம். கடைசியில் யாரும் பராமரிக்காமல், தளங்களைப் பலகையால் தடுத்து நூற்றுக்கணக்கானவர்கள் குடியிருந்த இடம். 76 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற அரசமைப்பு நீதிமன்ற நீதிபதி சிசி காம்பெபெ தலைமையிலான விசாரணை ஆணையம், பாதுகாப்பற்றது என்று தெரிந்தும் நகராட்சி ஒன்றும் செய்யாமல் விட்டது என்று கண்டது. சில அரசியல்வாதிகள் தீர்ப்புகளையே குறை சொன்னார்கள்: வெளியேற்ற முடியாமல் நீதிமன்றம் கையைக் கட்டிவிட்டது என்றார்கள். நீதிமன்றம் சொன்னது மாற்று இடம் கொடுத்துவிட்டு வெளியேற்று என்று. பத்தாண்டுக்கும் மேலாக மாற்று இடங்களைக் கட்டாமல் விட்டது யார் என்பதே கேட்க வேண்டியது.

ஜனநாயகத்துக்குப் பிந்தி வந்த நாடுகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 2007 தேர்தல் வன்முறைக்குப் பின் கென்யா எழுதிய 2010ஆம் ஆண்டு அரசமைப்பு, 43ஆம் பிரிவில் வீடு, உணவு, நீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றை உரிமையாக்கியது. 20ஆம் பிரிவில் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தது: வளம் இல்லை என்று அரசு சொன்னால், இல்லை என்பதை நிரூபிக்க வேண்டியது அரசே. டர்பன் மருத்துவமனை வழக்கில் அந்த வரி இருந்திருந்தால், 20 இயந்திரங்களே ஏன் என்பதற்கு மாகாண அரசு கணக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும்.

நைரோபியில் வில்சன் விமான நிலையத்துக்கு அருகே இருந்த மிட்டும்பா கிராமம் 2011 நவம்பரில் இடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் 2013இல் மக்கள் பக்கம் நின்று, அரசின் கொள்கையைத் தன்முன் தாக்கல் செய்யச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் வழக்கைக் கையில் வைத்திருக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அதைத் தள்ளியது. 2021 ஜனவரியில் கென்ய உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் உண்டு என்று தீர்த்தது; பொது நிலத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவர்களுக்கு வீட்டுரிமையில் பங்கு உண்டு என்றும் சொன்னது. இடிபட்டவர்களுக்கு என்ன நிவாரணம் என்பதை முடிவு செய்ய வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே போனது. அப்போது கிராமம் இடிபட்டு ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.